கோயமுத்தூர்ப் பக்கம் இருந்துட்டு கடல் குகையைப் பத்திப் படிக்கறது வீண் வேலையா?

தம்பி, "நம்மூர்ல கடலே இல்ல, கடலுக்கடியில இருக்கற குகையப் படிச்சு என்ன கிழிக்கப் போற"ன்னு வீட்ல கேக்கறாங்கன்னு போட்டிருக்கீங்க. இதே கேள்விய என்ற பெரியப்பா ஒறம்பரை அத்தன பேரு முன்னாலயும் எங்கிட்டக் கேட்டாருங்க, அதனாலதான் ராத்திரி பதினொன்னரைக்கு உக்காந்து இத டைப் பண்றேன்.

நான் தாராபுரம் பக்கம். அப்புச்சி தோட்டத்துக் கெணறு அறுவது அடி, முதுகுல சொரப்புருடைய (காஞ்ச சொரக்கா, மெதக்கும்) கட்டி எறக்கி உட்டுத்தான் எனக்கு நீச்சல் பழக்குனாங்க. தண்ணிக்குக் கீழ பாறையில ஒரு பொடவு, சின்னக் குகையாட்டம், உண்டு. பதிமூணு வயசுல மூச்சப் புடிச்சுட்டு அதுக்குள்ள போயிட்டேன். கால ஒரு ஒதை ஒதச்சதுதான், படிஞ்சிருந்த சேறு பூராம் கெளம்பி கண்ணுக்கு முன்னாடி இருக்கற கையே தெரியல. வாய்ப்பக்கம் மட்டும் பச்சையா ஒரு வெளிச்சம், அதப் பாத்துக்கிட்டே பாறையத் தடவித் தடவி வெளிய வந்தேன். அப்புச்சி அடிக்கல. "பொடவுக்குள்ள கால ஆட்டக் கூடாது கண்ணு, கையிலதான் போகோணும்"னாரு.

பதினாலு வருசம் கழிச்சு அந்தமான்ல ஒரு சின்னக் கடல் குகை வாயில, முதுகுல சிலிண்டரோட நிக்கறப்ப, கூட வந்த டைவர் முதல்ல சொன்னதும் அதேதான், கால்ல மாட்டியிருக்கற துடுப்ப அடிக்காதீங்க, மண்ணு கெளம்பிரும்னு. குகை வாயில பாசி இருந்துச்சு, கொஞ்சம் உள்ள போனதும் வெளிச்சம் இல்லாததால பாசி நின்னு போச்சு, அதுக்கப்பறம் கூரை பூராம் ஆரஞ்சு, மஞ்சள், ஊதான்னு கடற்பஞ்சு, அதாவது பாறையில ஒட்டி வாழற ஒரு விலங்கு. நான் உட்ட மூச்சுக் குமிழி மேல போயி கூரையில பாதரசமாட்டம் தேங்கி நின்னுச்சு. அது நிக்கற எடத்துல ஒட்டியிருக்கற உசுருக்குத் தண்ணி இல்லாமப் போயிரும்ங்க, அதனால டைவர்ங்க நெறையப் போற குகையில அழிவு கூரையிலயும் ஆரம்பிக்கும். அன்னைக்கு நாலு நிமிசத்துல வெளிய வந்துட்டேன்.

இதுல என்ன பெருசுன்னு கேக்கறவங்களுக்கு: பிரான்ஸ்ல லா சியோத்தாங்கற ஊருக்குப் பக்கம் ஒரு குகை, ஆழம் இருபது மீட்டர் சுமாருதான். கீழ்நோக்கிச் சரிஞ்சிருக்கறதால குளிர்காலத்துத் தண்ணி உள்ளயே தேங்கி, வருசம் பூராம் 13-15 டிகிரிதான். ஆழ்கடல் குடும்பத்தச் சேந்த ஒரு கடற்பஞ்சு அங்க இருக்குது, மத்த கடற்பஞ்சு மாதிரி தண்ணிய வடிகட்டித் திங்காம, கொக்கி மாதிரி முள்ளுல பொடி ஜீவனுங்களப் புடிச்சுத் திங்குதுன்னு 1995ல எழுதுனாங்க. ஆழ்கடலுக்கே போகாம ஆழ்கடலப் பாக்கற எடம். ஆனா அந்தக் குளிர் உடஞ்சா போச்சு. அதே பிரான்ஸ்ல மார்சேய் பக்கத்துக் குகைங்கள்ல 1997லயும் 1999லயும் தண்ணி சூடாகி, குளிருக்குப் பழகின பொடி இறால் மாதிரி ஒன்னு கூட்டங்கூட்டமா இருந்தது காணாமப் போயி, சூடு தாங்கற அதோட சொந்தக்கார இனம் ஒன்னு வந்து அந்த எடத்தப் புடிச்சுருச்சு. ஐரோப்பாவுல 1992லயே கடல் குகைகளப் பாதுகாக்க வேண்டிய வாழிடம்னு சட்டத்துல சேத்துட்டாங்க.

கொங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்றவங்க, நம்ம ஆனைகட்டி சலீம் அலி பறவை ஆராய்ச்சி மையத்தப் பாருங்க. அங்க இருந்த ரவி சங்கரன் அந்தமான் நிக்கோபார் குகைகள்ல எச்சில்ல கூடு கட்டற உழவாரன் குருவிகளக் கணக்கெடுத்தாரு, வனத்துறையோட சேந்து, கூடு எடுத்து வித்தவங்களையே காவலுக்கு நிறுத்துனாரு. 2009ல தவறிட்டாரு. மலையடிவாரத்துல இருந்து குகைய எவ்வளவு காப்பாத்தலாம்னு அவரு காட்டிட்டுப் போயிருக்காரு. இது கடலடி வேலை இல்ல, குகைக் குருவிதானேன்னு சொல்லுவீங்க, தெரியும், எனக்கு ரெண்டும் ஒன்னுதான்.

வீட்ல சொல்லி மொதல்ல என்னைய எஞ்சினியரிங்லதான் சேத்தாங்க. ஒரே வருசத்துல நின்னேன். மிச்ச மூணு வருசத்து ஃபீஸையும் கட்டுனாத்தான் ஒரிஜினல் மார்க்ஷீட் தருவோம்னு காலேஜ்ல புடிச்சு வெச்சுக்கிட்டாங்க. அப்பா ரெண்டு எருமைய வித்து பாதிப் பணத்தக் கட்டி வாங்கிட்டு வந்தாரு. நம்மூர்ல இது எத்தன புள்ளைகளுக்கு நடக்குது, ஒருத்தரும் கேக்கறதில்ல! அதனால நீங்க எங்க சேந்தாலும் ஒரிஜினலக் குடுக்கறதுக்கு முன்னாடி, கேட்டாத் திருப்பித் தருவோம்னு எழுதி வாங்கிக்கோங்க.

மொதல்ல விலங்கியல் முடிங்க, அப்பறம் பரங்கிப்பேட்டையில கடல் உயிரியல் இருக்குது, நான் அங்கதான் படிச்சேன். ஸ்கூபா பழகின ஒடனே குகைக்குள்ள போயிராதீங்க, அதுக்குத் தனிப் பயிற்சி வேணும். உள்ள போக மூணுல ஒரு பங்கு காத்து, திரும்ப ஒரு பங்கு, மிச்சம் அவசரத்துக்கு. கெணத்துப் பொடவா இருந்தாலும் தனியா நொழையாதீங்க. அப்புச்சி கெணத்துல இந்த வருசம் தண்ணி எறங்கி பொடவு வெளிய தெரியுது, வந்தா நடந்தே போயிப் பாக்கலாம்.