‘செற்’ என்ற சின்னச் சொல்: கேட்டவர்களுக்குப் பதில்

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து: எஸ், ஈ, ரி. ஆனால் 1989 இல் இருபது தொகுதிகளாக வந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். வினையாக மட்டும் ஏறத்தாழ 430 பொருள். எங்கள் ஊர் வாசிகசாலைக்கு ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் இதைப் பற்றி எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் ‘செட்’ என்று வாசித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் செற்தான்.

உயர்தர வகுப்பு மாணவி: சேர், ரியூசனில் ‘செற்’ என்பதற்கு ஐம்பது பொருள் எழுதித் தந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பாடமாக்க வேண்டுமா?

வேண்டாம் பிள்ளை. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு முதலில் இதைப் பார். ஆங்கிலத்தில் ‘சிற்’ என்றால் இருத்தல், அதாவது கதிரையில் இருப்பது. அதன் பிறவினைதான் ‘செற்’, இருத்துதல். பழைய ஆங்கிலத்திலேயே இவை இரண்டும் சோடி. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். வீட்டுக்கு வந்தவரை நாங்கள் ‘இருங்கோ’ என்கிறோம். கைக்குழந்தையைக் கதிரையில் இருத்துகிறோம். இரு, இருத்து: சிற், செற். கிட, கிடத்து என்பதற்கு அங்கே ‘லை, லே’. விழு, விழுத்து என்பதற்கு ‘ஃபோல், ஃபெல்’. மரத்தைத் தறித்து விழுத்துகிறார்களே, அந்த ஃபெல்.

இனி உன் ஐம்பதில் பாதிக்குமேல் தானாக விளங்கும். ஒன்றை அதற்குரிய இடத்திலோ நிலையிலோ இருத்துவது, அவ்வளவுதான். அலாரம் வைக்கிறோம், எலிப்பொறி வைக்கிறோம், தீ வைக்கிறோம், கலியாணத்துக்கு நாள் வைக்கிறோம், பொருளுக்கு விலை வைக்கிறோம். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் செற் வரும். நாங்கள் ‘வை’ என்ற சொல்லிடம் வாங்குகிற வேலையில் பெரும்பங்கை அவர்கள் இதனிடம் வாங்குகிறார்கள். அதற்காகப் பொட்டு வைப்பதற்கும் சமையலில் குழம்பு வைப்பதற்கும் செற் போட்டுவிடாதே.

அதே மாணவி: இறந்தகாலத்துக்கு ‘செற்றெட்’ என்று எழுதலாமா?

கூடாது. கட், புட், ஹிற் போல மூன்று காலத்துக்கும் ஒரே வடிவம். ‘ஹீ செற் த அலாரம்’ என்றால் நேற்று வைத்தான். தினமும் வைக்கிறவன் என்றால் ‘செற்ஸ்’. ‘ஐ செற்’, ‘தே செற்’ என்று வந்தால் பக்கத்தில் உள்ள காலச் சொல்லைப் பார்க்க வேண்டும்.

இளைப்பாறிய தபாலதிபர்: மாஸ்டர், செற் என்றால் இருத்துதல் என்கிறீர்கள். ‘த சன் செற்ஸ்’ என்னும்போது யார் யாரை இருத்துகிறார்?

நல்ல கேள்வி ஐயா. அங்கே ஒருவரும் ஒன்றையும் இருத்தவில்லை, செயப்படுபொருளே கிடையாது. சூரியன் தானாகப் போய் இருந்துகொள்கிறது. சூரிய அஸ்தமனத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த ஒரு சொல்லின் நேர்ப்பொருளே ‘இருக்கைக்குப் போதல்’. சந்திரனுக்கும் நட்சத்திரங்களுக்கும் இதே வினைதான். ‘பொழுதுபட முன்னம் வீட்டுக்கு வா’ என்று நாங்கள் சொல்லும்போதும் பொழுதை யாரும் படுத்துவதில்லையே, அது தானாகத்தான் படுகிறது.

மாணவர்கள் தடுமாறும் இடமே இதுதான். செற் வந்தவுடன் அதற்குப் பின்னால் ‘எதை’ என்று கேட்டுப் பாருங்கள். விடை இருந்தால் வைத்தல், இருத்துதல். விடை இல்லாவிட்டால் மறைதல் அல்லது இறுகுதல்.

மேசன் வேலை செய்யும் தம்பி: கனடாவில் இருந்து வந்த வீட்டுக்காரரின் மகன், பிளாற் (கொங்கிறீற்றுக் கூரை) போட்ட அன்று பின்னேரம் ‘ஹாஸ் இற் செற்?’ என்று கேட்டான். ‘யெஸ், டிரை’ என்றேன். இல்லை என்று தலையாட்டுகிறான். நான் சொன்னதில் என்ன பிழை?

தம்பி, உங்களுக்கு வேலை தெரியும், சொல்தான் மாறிப்போனது. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதியியல் முறையில் சேர்ந்து இறுகுகிறது. அதனால்தானே கொங்கிறீற்றுக்கு நாள்கணக்கில் தண்ணீர் விட்டு நனைக்கிறீர்கள்! காய்ந்துபோனால் பலம் குறைந்துவிடும். கலவை குழைவு விட்டு, விரலால் அமத்தினால் பள்ளம் விழாத நிலைக்கு வருவது செற். அது சில மணித்தியாலத்தில் நடந்துவிடும்; எங்கள் பங்குனி சித்திரை வெயிலில் இன்னும் விரைவு. அதற்குப் பிறகு பலம் ஏறிக்கொண்டே போவதற்கு ‘ஹார்டின்’ என்பார்கள். 28 நாள் என்று பொறியியலாளர்கள் கணக்குப் பார்ப்பது அந்தப் பலத்தைத்தான். ஆகவே அன்று பின்னேரம் ‘யெஸ், இற் ஹாஸ் செற்’ என்று சொல்லியிருக்கலாம். ‘டிரை’ என்றதும் பொடியன் பயந்துவிட்டான்.

அடுக்களையிலும் இதே கணக்கு. ஜெலியும் தயிரும் செற் ஆகும். பனங்கட்டிப் பாகைக் குட்டானில் ஊற்றிவிட்டால் அதுவும் செற் ஆகும். ஒடியல் கூழ் ஆகாது. அது ‘திக்’ ஆகும், அவ்வளவுதான். கூழ் செற் ஆகிவிட்டது என்றால் சமைத்தவருக்குத்தான் அவமானம்.

சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் மாணவன்: கணிதத்தில் வரும் ‘செற்’டும் இதே இருத்துதல்தானா?

இல்லை, அது வேறு வீட்டுப் பிள்ளை. கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல், பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த இலத்தீன் சொல்லில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘செக்ற்’, அதாவது சமயப் பிரிவு, என்ற ஆங்கிலச் சொல் அதன் உடன்பிறப்பு. ஒலி ஒன்றானதால் இரண்டு குடும்பமும் பின்னாளில் கலந்துவிட்டன. அகராதிப் பதிவு இவ்வளவு நீண்டுபோனதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்குத் தொடை என்று பெயர், தமிழ்நாட்டில் கணம். தொடை என்றதும் பின்வாங்கு சிரிக்கும், நானும் ஒவ்வொரு வருடமும் கேட்டிருக்கிறேன். பூத் தொடுத்தால் தொடை, செய்யுளில் எதுகைத் தொடை மோனைத் தொடை. நல்ல சொல்தான். ஆனால் ஒன்றைக் கவனி. தேநீர் செற்றில் ஒரே மாதிரி ஆறு கோப்பை இருந்தால் ஆறுக்கும் காசு கொடுக்கிறோம். கணிதத் தொடையில் ஒரே மூலகத்தை ஆறு தடவை எழுதினாலும் ஒன்றுதான். ஒழுங்கு மாறினாலும் தொடை மாறாது.

கரப்பந்தாட்டக்காரர் ஒருவர்: எங்கள் ஆட்டத்தில் செற்றும் இருக்கிறது, செற்றரும் இருக்கிறார். எது எந்தக் குடும்பம்?

ஒவ்வொன்றும் ஒரு குடும்பம்! 25 புள்ளிக்கு விளையாடுகிற செற், ஐந்தாவதாக வந்தால் 15 புள்ளிக்கு விளையாடுகிற செற், இரண்டும் தொகுதி என்ற பெயர்ச்சொல்லோடு சேர்ந்தவை. அடிக்கிறவருக்கு வாய்ப்பாகப் பந்தை வலைக்கு மேலே தூக்கி வைத்துக் கொடுக்கிறவர் செற்றர்; அவர் எங்கள் ‘வை’ குடும்பம். ரெனிஸ் செற்றும் உங்கள் செற் போலத்தான்; ஆனால் முன்பு விம்பிள்டனில் கடைசி செற் இரண்டு வித்தியாசம் வரும்வரை முடியாது. 2010 இல் அங்கே ஒரு கடைசி செற் 70க்கு 68 என்று போய் முடிந்தது. இப்போது அப்படி இழுபடாமல், சமநிலையை முடித்துவைக்கும் ரை-பிரேக்கைக் கடைசி செற்றுக்கும் வைத்துவிட்டார்கள்.

சட்டத்தரணி அலுவலகத்தில் வேலை செய்யும் தங்கச்சி: ‘த கோர்ட் செற் அசைட் த ஜட்ஜ்மென்ற்’ என்பதை ஒருவர் ‘தீர்ப்பை ஒதுக்கி வைத்தது’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். சரியா?

பிழை, அதுவும் ஆபத்தான பிழை. காசை ‘செற் அசைட்’ பண்ணினால் ஒதுக்கி வைப்பதுதான், பிறகு எடுக்கலாம். தீர்ப்பை ‘செற் அசைட்’ பண்ணினால் அது இரத்து. எடுக்க ஒன்றும் மிஞ்சாது. ‘ஒதுக்கி வைத்தது’ என்று வாசிக்கிற கட்சிக்காரர் வழக்குத் தவணை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுவார். ‘தீர்ப்பை இரத்துச் செய்தது’ என்றே எழுதுங்கள்.

ஒருவர்: செற் அப், செற் ஓஃப், செற் இன்?

‘செற் அப்’ நிறுவுதல். ஒருவரை வேண்டுமென்றே மாட்டிவிடுவதும் அதுதான். ‘செற் ஓஃப்’ பயணம் புறப்படுதல்; வெடி கொளுத்துவதும் அதுதான், ‘எதை’ என்று கேட்டால் பிரித்துவிடலாம். ‘செற் இன்’ என்பது வந்து நிலைகொள்ளுதல், பெரும்பாலும் விரும்பாத ஒன்றுக்கு வரும். மாரி பிடித்துவிட்டது என்கிறோமே, அந்தப் பிடித்தல்.

முச்சக்கரவண்டி ஓட்டுநர்: ‘அந்தச் சம்பந்தம் செற் ஆகேல்லை’ என்கிறோம். இதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லலாமா?

சொன்னால் விளங்காது அண்ணை. இந்தச் ‘செற் ஆகுதல்’ நாங்கள் தமிழில் உண்டாக்கிய பிரயோகம். சம்பந்தம் என்றால் ‘இற் டிடின்ற் வேர்க் அவுட்’. சட்டை அளவு என்றால் ‘ஃபிற்’. நிறம் எடுபடவில்லை என்றால் ‘சூற்’. தமிழில் தாராளமாகச் சொல்லுங்கள், நானும் சொல்கிறவன்தான்.

மகளிடம் போய்வந்த அம்மா: கனடாவில் கடையில் காசு கட்டியதும் ‘யூ ஆர் ஓல் செற்’ என்றார்கள். நான் இன்னும் ஏதோ செய்ய வேண்டுமோ என்று நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா. உங்கள் அலுவல் முடிந்தது, போகலாம் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அதையே சாப்பாட்டுக் கடையில் கேள்வியாகக் கேட்டால், வேறு ஒன்றும் வேண்டாம்தானே என்று பொருள். ‘யெஸ்’ என்றால் பில் வரும். பசி இருந்தால் ‘நொற் யெற்’ என்று சொல்லுங்கள்.

இன்னொருவர்: இப்போதும் அகராதியில் இதுதான் பெரிய சொல்லா?

இல்லை. ஒக்ஸ்போர்ட்காரர் திருத்திவரும் மூன்றாம் பதிப்பில் ‘ரன்’ முந்திவிட்டது. வினைக்கு மட்டும் 645 பொருள். இயந்திரம், கணினி, கடை, தேர்தல் என்று ஆங்கிலத்தில் ஓடாதது எது? அதைக் கேட்க விரும்புகிறவர்கள் அடுத்த கிழமைக்குள் எழுதித் தாருங்கள்.