கூலன்ட் எங்கே போய் விழுகிறது? வடசென்னைப் பட்டறைக் கேள்விகள்

திருவொற்றியூரிலிருந்து: ஈ.என்.8 ஸ்டீலில் ஃபேஸ் மில்லிங் (சுழலும் கட்டரால் மேல்பரப்பைச் சமமாக வெட்டுவது). கூலன்ட் (குளிர்விக்க ஊற்றும் எண்ணெய் கலந்த தண்ணீர்) நன்றாகவே ஊற்றுகிறேன், ஆனாலும் இன்சர்ட் (கட்டரில் மாட்டும் கார்பைடு வெட்டுத்துண்டு) முனை பொரிந்து விழுகிறது. பம்ப்பைப் பெரிதாக்கலாமா சார்?

வேண்டாம், பம்ப்பையே நிறுத்திப் பாருங்கள். முதலில் இன்சர்ட்டை லென்ஸில் பாருங்கள். முனைக்குக் குறுக்கே சீப்புப் பல் மாதிரி விரிசல் இருந்தால் அது சூட்டு விரிசல். மில்லிங்கில் ஒவ்வொரு சுற்றிலும் முனை இரும்புக்குள் போய்ச் சூடாகி வெளியே வருகிறது. வந்த உடனே அதன் தலையில் தண்ணீர். கார்பைடு சூட்டைத் தாங்கும். இப்படிச் சுட்டுச் சுட்டு நனைப்பதைத் தாங்காது. கூலன்ட்டை மூடிவிட்டு, சிப் (வெட்டி விழும் சீவல்) விலக ஏர் மட்டும் அடியுங்கள். டர்னிங்கில் (லேத்தில் கடைவதில்) முனை வெளியே வராமல் வெட்டிக்கொண்டே இருப்பதால் அங்கே கூலன்ட் பிரச்சினையில்லை. நானும் ஒரு டப்பா இன்சர்ட்டைப் பாழாக்கிய பிறகுதான் இதை நம்பினேன்.

வியாசர்பாடி: எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), 8 மி.மீ. துளை, 60 மி.மீ. ஆழம். கூலன்ட் நாசில் நேராகத்தான் இருக்கிறது, டிரில் உடைகிறது.

விட்டத்தைப் போல ஏழரை மடங்கு ஆழம். மேலே ஏறி வரும் சிப், கூலன்ட்டை வெளியே தள்ளிவிடும். வெட்டும் முனை காய்ந்தே கிடக்கும். ஸ்பிண்டில் (டிரில்லைச் சுழற்றும் தண்டு) வழியாகக் கூலன்ட் வரும் மிஷின் என்றால், உள்ளே கூலன்ட் போகத் துளையுள்ள டிரில் போடுங்கள். சிப்பை அழுத்தமே வெளியேற்றும், பெக் (கொஞ்சம் வெட்டிப் பின்வாங்குவது) தேவைப்படாது. பல மிஷின்களில் 20 பார், சிலவற்றில் 70 பார் வரை கிடைக்கும். அந்த வசதி இல்லையா? புரோகிராமில் ஜி83 சைக்கிள் போடுங்கள். ஒவ்வொரு பெக்கிலும் டிரில் முழுதாக வெளியே வரும், கூலன்ட் உள்ளே இறங்கும். ஜி73 சைக்கிள் டிரில்லை முழுதாக வெளியே எடுக்காமல் சிப்பை ஒடிக்கும், அவ்வளவுதான். அடியில் நின்று தேய்க்க மட்டும் விடாதீர்கள், 304 கெட்டியாகிவிடும்.

எண்ணூர்: கூலன்ட் எண்ணெயைப் போர் தண்ணீரில் கலக்கிறோம். மேலே வெள்ளை ஆடை, ஜாப்பில் துரு.

மீஞ்சூர் பக்கம் வரைக்கும் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறியிருப்பது ஊரறிந்தது. கடினநீர் எண்ணெயைப் பிரிக்கிறது, உப்பு துருவைக் கொண்டுவருகிறது. டேங்கில் தண்ணீர் ஆவியாகும், உப்பு போகாது. நிரப்ப நிரப்பச் சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ஆர்.ஓ. தண்ணீர் வாங்குங்கள். தண்ணீரை முதலில் எடுத்து, எண்ணெயை அதில் ஊற்றிக் கலக்குங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் (கலவையின் செறிவைப் பார்க்கும் கருவி) காட்டும் அளவை, கேனில் போட்டிருக்கும் காரணியால் பெருக்கினால்தான் சரியான சதவீதம்.

மாதவரம்: காஸ்ட் அயர்னுக்கு?

பெரும்பாலும் உலர்வாகவே வெட்டலாம். கூலன்ட் விட்டால் தூள் சேறாகி டேங்கை அடைக்கும். தூசியை உறிஞ்ச ஏற்பாடு வையுங்கள்.

பெரம்பூர்: அலுமினியத்துக்கு எம்.க்யூ.எல். போதுமா?

எம்.க்யூ.எல். என்றால் மிகக் குறைந்த எண்ணெய் அடிப்பது: மணிக்கு 5 முதல் 50 மி.லி., காற்றோடு சேர்ந்து. முனையில் அலுமினியம் ஒட்டாமல் காக்கும். ஆனால் குளிர்விப்பது கொஞ்சம்தான், சிப்பைக் கழுவவே கழுவாது. ஆழமான பாக்கெட் (குழி) என்றால், நிறைய ஊற்றும் ஃப்ளட் கூலன்ட்டே நல்லது.

மணலி: திங்கட்கிழமை டேங்க் நாறுகிறது.

ரிஃபைனரி வாடைக்குப் பழகிய மணலிக்காரர் மூக்கே தாங்கவில்லை என்றால் விஷயம் பெரிதுதான்! மிஷினின் நகரும் பாதைகளுக்குப் போடும் ஸ்லைடுவே எண்ணெய் கூலன்ட் மேலே படர்ந்து காற்றை மறைக்கிறது, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா வளர்கிறது. சனிக்கிழமை மாலையே அந்த எண்ணெயை எடுத்துவிடுங்கள். ஞாயிறு முழுக்க மீன்தொட்டி ஏர் பம்ப் ஒன்று ஓடட்டும்.