அடகு நகையும் போக்காடும்: பாவ மீட்பு பற்றிச் சில கேள்விகள்

தவக்காலத்தில் மலேசியத் தோட்டப்புறத்து ஜெபக் கூட்டங்களில் எழுந்த கேள்விகள் இவை. கேட்டவர்களில் லுத்தரனும் உண்டு, கத்தோலிக்கரும் உண்டு, முருகனைக் கும்பிடுகிறவரும் உண்டு. பதில் சபைக்குச் சபை மாறும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

ஐயா, மீட்புன்னா அடகுக்கடையில நகையை மீட்கிற மாதிரின்னு சொல்றாங்களே, சரிதானா?

பாதி சரி. 1,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) நகையை வைக்கிறீர்கள். மாதம் 2 விழுக்காடு வட்டி என்றால் ஆறாம் மாதம் 1,120 வெள்ளியை எண்ணி வைத்தால்தான் தாலிக்கொடி கைக்கு வரும். பெட்டிக்குள் இருக்கும் நகை தன்னைத்தானே மீட்டுக்கொள்ளாது. வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும், அவர் கையில் விலை இருக்க வேண்டும். பைபிளின் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 25-ம் அதிகாரமும் இதையே சொல்கிறது: வறுமையில் நிலத்தை விற்றவனுக்காக நெருங்கின உறவினன் வந்து மீட்க வேண்டும். ரூத்துக்குப் போவாஸ் அப்படித்தான் வந்தார். மாற்கு 10:45-ல் இயேசு தம் உயிரைக் கொடுப்பதைப் பழைய மொழிபெயர்ப்பு ‘மீட்கும்பொருள்’ என்கிறது, திருவிவிலியம் ‘ஈடு’ என்கிறது.

ஆனால் கடைக்காரர் யார் என்று கேட்டதும் உவமை இடிக்கும். விலை பிசாசின் கைக்குப் போனது என்றார் 3-ம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன். அடுத்த நூற்றாண்டில் நிசா நகர் கிரகோரி இன்னும் ஒருபடி போய், இரையைக் கவ்விய மீன் தூண்டில் முள்ளில் மாட்டியது போலப் பிசாசு ஏமாந்தான் என்றார். அவர் காலத்தவரான நசியான்சு கிரகோரிக்கு இது பிடிக்கவில்லை: கொள்ளைக்காரனுக்கா கடவுள் கப்பம் கட்டுவார்? 1098-ல் இறையியலர் அன்செல்ம் கணக்கையே வேறு ஏட்டில் எழுதினார். கடன் கடவுளுக்குரியது; கட்ட வேண்டியவன் மனிதன்; கட்ட வல்லவரோ கடவுள் மட்டுமே; ஆகவே இரண்டுமான ஒருவர் வந்தார். 16-ம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள் இதைத் தண்டனையாகப் பேசினார்கள்: நமக்குரிய தீர்ப்பை அவர் ஏற்றார். மாற்கு விலையைச் சொல்கிறார், அதை வாங்கினவரைச் சொல்லவில்லை. பிரசங்கத்தில் அந்த இடத்தை நிரப்பத் துடிக்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

தோட்டத்து முனியாண்டிக்குக் கிடா வெட்டுறதும், பைபிள்ல ஆடு வெட்டுறதும் ஒண்ணா அண்ணே?

முனியாண்டி கோயில் படையலின் பொருளை அங்கே கும்பிடுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும் தம்பி. லேவியராகமம் 16-ல் நடப்பதை நான் சொல்கிறேன். வருடத்தில் ஒரே நாள். இரண்டு வெள்ளாட்டுக்கடா, சீட்டுப் போடுவார்கள். ஒன்று பலியாகும். அதன் இரத்தத்தை ஆசாரியன் திரைக்குள் கொண்டுபோய், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின் மேலும் அதற்கு முன்னும் தெளிப்பான். மற்றது போக்காடு. அதன் தலைமேல் இரண்டு கையையும் வைத்து, சனத்தின் அக்கிரமங்களையெல்லாம் வாய்விட்டு அறிக்கையிட்டு, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். பலியான ஆட்டில் பந்தி கிடையாது. தோல், இறைச்சி, சாணி எல்லாம் பாளயத்துக்கு வெளியே எரிக்கப்படும்.

பலர் தவறவிடுவது லேவியராகமம் 17:11. அந்த இரத்தத்தைப் பலிபீடத்துக்கென்று ‘நான் கொடுத்தேன்’ என்கிறார் கடவுள். கோபமாக இருப்பவரைச் சாந்தப்படுத்த மனிதன் தேடிப்பிடித்த வழி அல்ல அது. ரோமர் 3:25-ல் ‘கிருபாதாரபலி’ என்று வரும் கிரேக்கச் சொல், கிருபாசனத்தைக் குறிக்கும் அதே சொல்தான்.

செயின்ட் ஆன் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்த்தாஜாம் தேவாலயத்துக்குப் போய் மெழுகுவத்தி ஏத்தினா பாவம் போயிருமா?

போகாது அக்கா. மெழுகுவத்தி ஜெபம், விலை அல்ல. கத்தோலிக்கர் என்றால் மனஸ்தாபப்பட்டு, குருவானவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். திருவிழாவுக்குத் தாராளமாகப் போய்வாருங்கள்.

ஆள் வெட்டின செம்பனைக் குலைக் கணக்கில் கொஞ்சத்தை, 300 வெள்ளி வரும், என் பேரில் போட்டுக்கிட்டேன். நான் மண்டோர், ஆட்களைப் பார்த்துக்கிற கங்காணி. மன்னிப்புக் கேட்டு ஜெபிச்சுட்டேன். இயேசுதான் கடனைத் தீர்த்துட்டாரே, இன்னும் என்ன?

அவர் தீர்த்தது கடவுளிடம் நீங்கள் பட்ட கடனை. வெட்டினவருக்குச் சேர வேண்டிய 300 வெள்ளி இன்னும் உங்கள் பையில்தான் இருக்கிறது. லேவியராகமம் 6-ன் கணக்கு: முதல் முழுசாக, அதோடு ஐந்தில் ஒரு பங்கு. 300-க்கு 60, ஆக 360. வரிசையையும் கவனியுங்கள்: பொருள் உரியவன் கைக்கு முதலில் போகும், ஆட்டுக்கடா பிறகுதான் பலிபீடத்துக்கு வரும். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு நாலத்தனை தருவதாகச் சொன்னது இதற்கும் மேல். ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் 22 வைத்த அளவு அது.

சபைகள் இதில் சண்டை போடுவதில்லை. பாவமன்னிப்பு பாவத்தை எடுக்கும், அதனால் விளைந்த கேட்டையெல்லாம் சரிசெய்யாது, திருடினதைத் திருப்பிக் கொடு என்கிறது 1992-ன் கத்தோலிக்க மறைக்கல்வி நூல், 1459-ம் எண்ணில். லுத்தரன் சபையின் விசுவாச அறிக்கையான 1530-ன் அவுக்ஸ்புர்க் அறிக்கை மனந்திரும்புதலை மனவருத்தம், விசுவாசம் என இரண்டாகப் பிரித்து, நற்செயல் அதன் கனியாக வர வேண்டும் என்கிறது. கத்தோலிக்கருக்கு அது பரிகாரத்தின் பகுதி, லுத்தரனுக்குக் கனி. 360 வெள்ளி இரண்டு பேருக்கும் 360 வெள்ளிதான்.

நடைமுறையில் கெடுவது எங்கே என்றால், பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் விடுவதில். ‘இந்தா, டீ குடிச்சுக்கோ’ என்று நீட்டினால் அது தர்மம் ஆகிவிடும். எண்ணாகமம் 5:7 அறிக்கையைத்தான் முதலில் வைக்கிறது. எந்த மாதம், எத்தனை குலை என்று சொல்லிக் கொடுங்கள்.

அந்த ஆள் பெர்மிட் முடிஞ்சு பங்களாதேஷ் திரும்பிட்டாரே?

லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பில், அவரோடு தங்கியிருந்தவரிடம் போன் நம்பர் இருக்கும். பணம் அனுப்பும் கடை பஜாரிலேயே இருக்கிறது; அனுப்பும் செலவு உங்களுடையது, 360-ல் கழிக்காதீர்கள். இறந்திருந்தால் வீட்டாருக்கு. யாருமே இல்லை என்றால் எண்ணாகமம் 5:8 ஆசாரியனிடம் கொடுக்கச் சொல்கிறது. இன்றைக்கு அதை ஏழைகளுக்குக் கொடுப்பது வழக்கம். சபைக் கட்டட நிதியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை நன்கொடையாளர் பட்டியலில் உங்கள் பெயரை வாசிக்க மட்டும் விட்டுவிடாதீர்கள்.