அடங்கலில் ஏறாத பயிர்: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘பணம் வரவில்லை’ என்ற ஒரே புகார்தான். காரணம் ஒவ்வொன்றிலும் வேறு.

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்திருந்தேன். வடகிழக்குப் பருவமழையில் வயல் 6 நாள் மூழ்கிக் கிடந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள கிராமத்துக்கு இழப்பீடு வந்தது. எங்களுக்கு ஒரு பைசா இல்லை. ஏன்?

காப்பீடு உங்கள் பெயரில் இருந்தாலும், விளைச்சல் இழப்பைக் கணக்கிடுவது உங்கள் வயலை வைத்து அல்ல. நெல்லுக்கு வருவாய் கிராமம்தான் அலகு. அந்தக் கிராமத்தில் குலுக்கல் முறையில் நான்கு வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போடுவார்கள். இதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. அதன் சராசரிதான் ஊர் முழுமைக்கும் ‘இந்த ஆண்டு விளைச்சல்’. அதை ‘உத்தரவாத விளைச்சலோடு’ ஒப்பிடுவார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை, அந்தப் பகுதிக்கு அறிவித்த 70, 80 அல்லது 90 சதவீதத்தால் பெருக்கினால் வருவது உத்தரவாத விளைச்சல்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உத்தரவாத விளைச்சல் ஏக்கருக்கு 2,000 கிலோ, இந்த ஆண்டுச் சராசரி 1,500 கிலோ என்றால் குறைவு 25 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்தால் இழப்பீடு 9,000. நீங்கள் கட்டியது சம்பா சேரும் ரபி பருவத்துக்கான 1.5 சதவீதம், அதாவது 540 ரூபாய். அதே ஊரில் சராசரி 2,010 கிலோ என்று வந்துவிட்டால், உங்கள் வயலில் ஒரு கதிர் இல்லாவிட்டாலும் விளைச்சல் குறைவுக்கான இழப்பீடு கிடையாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடந்ததும் இந்தப் பக்கம் நடக்காததும் இதுதான்.

இந்த முறை நியாயமா என்றால், பள்ளத்து வயல்காரருக்கு நியாயமே இல்லை. மேட்டு வயல் நான்கு குலுக்கலில் விழுந்துவிட்டால் தாழ்ந்த வயல்களின் நஷ்டம் சராசரியில் கரைந்துவிடுகிறது. தனி வயல் வெள்ளத்தில் மூழ்கினால் அந்த வயலுக்கே இழப்பீடு என்ற பிரிவு 2016-இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது நெல்லுக்கும் இருந்தது. 2018-இல் நெல், கரும்பு போன்ற நீர் தாங்கும் பயிர்களுக்கு அதை நீக்கிவிட்டார்கள். 2026 காரிஃப் (குறுவை) பருவம் முதல் நெல்லுக்கு மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. உங்கள் மாவட்ட அறிவிக்கையில் அது ஏறியிருக்கிறதா என்று பிரீமியம் கட்டுவதற்கு முன்பே வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். ஏறியிருந்தால், வயல் மூழ்கிய 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டுச் செயலியிலோ இலவச உதவி எண்ணிலோ தகவல் கொடுத்தாக வேண்டும். தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும்.

அறுத்துக் களத்திலும் வரப்பிலும் காயப்போட்ட கதிர் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்தால், அறுத்த நாளிலிருந்து 14 நாள் வரை தனிப் பாதுகாப்பு உண்டு. அதற்கும் அதே 72 மணி நேரம்தான்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். ரசீதில் உங்கள் வருவாய் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் சரியாக இருக்கின்றனவா? பொதுச் சேவை மையத்தில் கூட்டமாக இருக்கும் கடைசி நாளில் பட்டியலில் அடுத்த கிராமத்தைத் தட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கிராமம் மாறினால் சராசரியும் மாறிவிடும். பிரீமியம் கட்டிய அன்றே பார்த்தால் திருத்தலாம். அறுவடைக்குப் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது. பரிசோதனை நடக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு, ஊர்க்காரர்கள் நாலு பேர் களத்தில் நில்லுங்கள். 25 சதுர மீட்டரில் 12.4 கிலோ வந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,000 கிலோ. அந்த இடத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

காப்பீடு இல்லாதவர்களும் பேரிடர் நிவாரணம் கேட்கலாம். இது வேறு பணம், வேறு கணக்கு. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் கூட்டாகக் கணக்கெடுத்தால், 2025-26 வரைக்கான மத்திய அரசின் விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. கணக்கெடுப்பு, கிராமத்தின் பயிர்ப் பதிவேடான அடங்கலை வைத்துத்தான் நடக்கும். பசலி எனும் வருவாய் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. நட்ட 15 நாளுக்குள் அந்தப் பசலி அடங்கலில் ‘சம்பா நெல்’ என்று ஏறிவிட்டதா என்று பாருங்கள். போன ஆண்டு உளுந்து என்று இருந்தது அப்படியே கிடந்தால், மூழ்கியது நெல் என்று நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 20 சதவீதம் என்று சொல்லி நெல்லைத் திருப்பிவிட்டார்கள். வியாபாரியிடம் மூட்டைக்கு 200 ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். காய வைத்திருந்தால் லாபமா?

லாபம்தான். கணக்கைப் பாருங்கள். 20 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 800 கிலோ. அதே நெல் 17 சதவீதத்துக்கு வந்தால் எடை 964 கிலோ. இழப்பு 36 கிலோ. 2025-26 பருவத்தில் சன்னரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500. சன்னரகம் என்றால் 36 கிலோவுக்குச் சுமார் 916 ரூபாய். நீங்கள் வியாபாரிக்கு விட்டுக்கொடுத்தது 40 கிலோ மூட்டைக்கு 200, அதாவது 1,000 கிலோவுக்கு 5,000 ரூபாய்.

இயல்பான வரம்பு 17 சதவீதம். மழை ஆண்டுகளில் மாநில அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து பார்த்துத் தளர்வு கொடுப்பதும் உண்டு. ஆனால் அந்த உத்தரவு வரும்போது பாதி அறுவடை முடிந்திருக்கும். அதை நம்பி அறுக்காதீர்கள்.

ஈரம் களத்துக்கு வந்து ஏறுவதில்லை, வயலிலேயே தொடங்குகிறது. அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட வேண்டும். கதிரில் 80 சதவீத மணி பொன்னிறமான பிறகுதான் இயந்திரத்தை இறக்க வேண்டும். இயந்திரம் இன்றைக்குத்தான் கிடைக்கும் என்று பச்சை மணியோடு அறுத்தால் ஈரம் மட்டுமல்ல, ‘முதிராத, சுருங்கிய மணி’ 3 சதவீதத்தைத் தாண்டி அதற்காகவும் திருப்புவார்கள். காலைப் பனி உலர்ந்து 10 மணிக்கு மேல் அறுப்பது நல்லது. களத்தில் 2 அங்குல கனத்துக்கு மேல் பரப்பாதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை காலால் சால் பிடித்துக் கிளறுங்கள். சாயங்காலம் சூடாக இருக்கும்போதே தார்ப்பாய் போட்டு மூடுவதுதான் பலர் செய்யும் தவறு. உள்ளே ஆவி அடைத்து அடியில் உள்ள நெல் மறுபடி நனைகிறது. குவித்து, சூடு ஆறவிட்டு, பனி இறங்குவதற்கு முன் மூடுங்கள்.

கல், மண் ஒரு சதவீதம், பதர், வைக்கோல் ஒரு சதவீதம் என்பவையும் வரம்புகள். தூற்றாமல் கொண்டுபோகாதீர்கள். ஈரமானியில் சோதிக்கும்போது ஒரே மூட்டையின் மேல் நெல்லை எடுத்தால் ஏற்காதீர்கள். நாலைந்து மூட்டையில் குத்தி எடுத்துக் கலந்து, இரண்டு தடவை காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. எடைக்கு 40 கிலோவும் சாக்கின் எடை சுமார் 580 கிராமும் சேர்த்து வைப்பது சரி. 41, 42 என்று முள் போனால் அது உங்கள் நெல். சுமை கூலியை நுகர்பொருள் வாணிபக் கழகம் தருகிறது, விவசாயி தர வேண்டியதில்லை. எல்லா ஊரிலும் இது நடைமுறையில் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். புகார் எண் நிலையத்தின் சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

3 ஏக்கர் தென்னைக்குச் சொட்டு நீர் போட நினைக்கிறேன். 100 சதவீத மானியம் என்கிறார்கள். முழுவதும் இலவசமா? (பொள்ளாச்சி வாசகர்)

சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், 5 ஏக்கர் வரை. மற்றவர்களுக்கு 75 சதவீதம். ஆனால் அந்த 100 சதவீதம் அரசு நிர்ணயித்த அலகுச் செலவுக்குத்தான். மோட்டார், ஆழ்துளைக் கிணறு இதில் வராது. நிர்ணயித்ததைவிடக் கூடுதலாகக் குழாய் ஓட்டினால் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும்.

தென்னைக்கு மனு வேளாண்மைத் துறையில் கொடுக்க வேண்டும். வாழைக்கும் காய்கறிக்கும் தோட்டக்கலைத் துறை. தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் அலைபவர்கள் உண்டு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று, மண், நீர் ஆய்வு அறிக்கை ஆகியவை வேண்டும். சான்றில் வேறு கிராமத்தில் உள்ள உங்கள் நிலமும் சேரும். அதை மறைத்தால் பிறகு சிக்கல். நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கள ஆய்வு, வடிவமைப்பு, பணி ஆணை, அமைத்தல், கூட்டு ஆய்வு என்று போய் மானியம் நிறுவனத்துக்கே செல்லும். அதனால் ‘பணி முடிந்தது’ என்ற தாளில் கையெழுத்துப் போடும்வரைதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. போடுவதற்கு முன் மோட்டாரை ஓட்டி, பக்கவாட்டுக் குழாயின் முதல் மரத்திலும் கடைசி மரத்திலும் ஒரே பாத்திரத்தை 10 நிமிடம் வைத்து அளந்து பாருங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் துணைக்குழாய் அளவையோ அழுத்தத்தையோ சரிசெய்யச் சொல்லுங்கள்.

மரத்துக்கு 4 சொட்டுவான்கள், தூரிலிருந்து 1 மீட்டர் தள்ளிச் சுற்றி. மணிக்கு 8 லிட்டர் வகை என்றால் 2 மணி நேரத்தில் 64 லிட்டர் விழும். தூரை ஒட்டி வைத்தால் உறிஞ்சும் வேருக்கு நீர் போகாது.

இரண்டாம் ஆண்டிலேயே அடைத்துக்கொண்டது என்று கழற்றி எறிபவர்கள் பெரும்பாலும் வடிகட்டியைத் திறந்தே பார்க்காதவர்கள். ஆழ்துளைக் கிணற்று உப்பு சொட்டுவானில் வெள்ளையாகப் படியும். அதற்கு அமிலம்: நீரின் கார அமில நிலை 4-க்கு இறங்கும் அளவுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வென்சுரி (கரைசலை உறிஞ்சிக் குழாயில் கலக்கும் கருவி) வழியே செலுத்தி, குழாயில் 24 மணி நேரம் நிறுத்தி, மறுநாள் கடைசி மூடிகளைத் திறந்து அலசிவிட வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. திறந்த கிணற்று நீரில் பாசி வரும். அதற்குப் பிளீச்சிங் தூள் தெளிநீர். இவை இரண்டையும் ஒரே நாளில் சேர்த்து விட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். சூப்பர் பாஸ்பேட்டைக் கரைத்து இதில் விடவே கூடாது.

ஏரி வண்டல் இலவசம் என்கிறார்கள். யாரிடம் கேட்பது? எவ்வளவு அடிக்கலாம்?

2024 முதல் தாசில்தாரே அனுமதி தருகிறார், ஆட்சியர் அலுவலகம் போக வேண்டாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. ஒரு யூனிட் 2.83 கன மீட்டர் என்பதால் நஞ்சைக்கு 26 யூனிட் வரும். ஏக்கர் முழுவதும் பரப்பினால் 2 சென்டிமீட்டர் கனம்கூட இருக்காது. எனவே செம்மண், மணற்பாங்கான பகுதியில் மட்டும் போடுங்கள். ஏற்கெனவே களியாக இருக்கும் வயலில் போட்டால் வடிகால் கெடும். முதலில் ஒரு கிலோ வண்டலை மண் ஆய்வுக் கூடத்தில் கொடுத்து உப்பைப் பாருங்கள். மண் இலவசம், ஏற்றும் இயந்திரமும் வண்டி வாடகையும் உங்களுடையது.

அப்பா இறந்து 3 ஆண்டு ஆகிறது. பட்டா அவர் பெயரில். பி.எம். கிசான் பணம் நின்றுவிட்டது. நான் புதிதாகச் சேர முடியுமா? 2019-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்கு இல்லை என்கிறார்களே?

1-2-2019-க்குப் பிறகு கிரயம் வாங்கியவர்களுக்குத்தான் அந்தத் தடை. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, எல்லா வாரிசுகளின் ஆதார் ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்கள். பாகம் பிரிக்காவிட்டாலும் எல்லார் பெயரிலும் கூட்டுப்பட்டாவாக முதலில் மாற்றிவிடுங்கள். உட்பிரிவுக்கு நில அளவர் வந்து அளக்க வேண்டும், அதற்கு நாளாகும். பிறகு விவசாயிகளுக்கான 11 இலக்கத் தனித்துவ அடையாள எண்ணைப் பெறுங்கள். பட்டாவில் ‘சுப்பிரமணியன்’, ஆதாரில் ‘சுப்ரமணியன்’ என்று இருந்தால் அதையும் முன்பே நேராக்குங்கள். அப்பா பெயரில் இறப்புக்குப் பின் தவணை ஏதும் வந்திருந்தால் எடுக்காதீர்கள், திருப்பிக் கேட்பார்கள்.

கூட்டுறவு சங்கத்தில் பயிர்க் கடன், வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு. எது மலிவு?

ஒரு லட்சத்துக்கு ஓர் ஆண்டு: வட்டி 7 சதவீதம் என்றால் 7,000. வங்கியில் 3 லட்சம் வரையிலான பயிர்க் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை, ஆக 4,000. தமிழ்நாட்டுக் கூட்டுறவு சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஒரு நாள் தாண்டினாலும் இரண்டு இடத்திலும் சலுகை போய்விடும்.

நான் குத்தகைக்கு உழுகிறேன். எனக்கு எதுவுமே இல்லையா?

பி.எம். கிசான் இல்லை. காப்பீடு உண்டு, நேரடிக் கொள்முதல் உண்டு. இரண்டுக்கும் அடங்கலில் சாகுபடி செய்பவராக உங்கள் பெயர் இருக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாலுகாவில் பதிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. நிலக்காரர்கள் பலர் அதற்குச் சம்மதிப்பதில்லை. குறைந்தது எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் குத்தகை கட்டிய ரசீதும் கையில் வைத்துக்கொண்டு, இழப்பீடு யார் கணக்குக்குப் போகும் என்பதை நாற்று விடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.