நிறைமாதத்தில் வரும் கேள்விகள்

36 வாரம் ஆகிறது. அடிக்கடி வயிறு கல் மாதிரி இறுகி, பிறகு தளர்கிறது. பிரசவ வலியா?

தண்ணீர் குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுங்கள். அடங்கிவிட்டால் பொய்வலி. நிஜ வலி எப்படிப் படுத்தாலும் விடாது. இடைவெளி குறையும், வலி கூடும். முதல் பிரசவத்தில் எப்போது மருத்துவமனைக்குக் கிளம்புவது என்பதற்குப் பொதுவான கணக்கு: 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படி 1 மணி நேரம். ஆனால் உங்களுக்கு 37 வாரம் முடியவில்லை. சீரான இடைவெளியில் வலி வந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

நேற்றிலிருந்து குழந்தையின் அசைவு குறைவு. கடைசி மாதத்தில் இடம் போதாமல் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காதீர்கள், இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். உதை மாறி, புரள்வதும் நெளிவதுமாக இருக்கலாம். ஆனால் அசைவு குறையக் கூடாது, பிரசவம் வரை தொடர வேண்டும். வீட்டில் கருவி வைத்து இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். துடிப்பு கேட்பதாலேயே குழந்தை நலம் என்றாகாது. வயிற்றில் பட்டை கட்டி, துடிப்பு ஏறி இறங்கும் விதத்தைக் கொஞ்ச நேரம் தொடர்ந்து பதிவு செய்து பார்த்தால்தான் தெரியும். எல்லாம் சரி என்று திருப்பி அனுப்பினால் நல்லதே. மறுபடி குறைந்தால் மறுபடி போங்கள். எத்தனை முறை வந்தாலும் மருத்துவமனையில் இருக்கும் எங்களுக்கு அது தொந்தரவே இல்லை.

கசிவது சிறுநீரா, பனிக்குட நீரா?

அடக்கிப் பாருங்கள். பனிக்குட நீர் அடங்காது, சிறுநீர் வாடையும் இருக்காது. சானிட்டரி நாப்கின் வைத்து, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் பேசுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம்; பேசிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி, திடீரென முகம் வீங்குவது, இவற்றுக்கும் அதே அவசரம்தான்.

டாக்டர் சொன்ன தேதி தாண்டிவிட்டது, பயமாக இருக்கிறது.

அந்தத் தேதியிலேயே பிறப்பது 20-இல் ஒரு குழந்தைதான். பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். 41 வாரம் நெருங்கினால் வலி வரவைப்பது பற்றி டாக்டரே பேசுவார்.

மனைவிக்கு வலி வந்தால் நான் என்ன செய்வது?

வலி வரும்போது இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கையால் அழுத்திக் கொடுங்கள். எவ்வளவு அழுத்தம் இதமாக இருக்கிறது என்று இப்போதே அவரிடம் கேட்டுப் பழகுங்கள். அப்புறம், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் எந்தப் பையில் இருக்கின்றன என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.