ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

வணக்கம் சார்,

தேவகோட்டையில் எங்கள் பழைய வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்தபோது எனக்குக் கொஞ்சம் மங்குச் சாமான் வந்தது. அதில் ஒன்று இடுப்பு உயரப் பழுப்பு ஜாடி. தோளில் நாலு காது, வயிற்றில் டிராகன். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன ஐயா அங்கிருந்து அனுப்பியதாக அப்பத்தா சொல்வார்கள். அவர்கள் இருந்தவரை அதில் உப்பு மாங்காய்தான் போட்டார்கள். இன்னொன்று நீலப்பூப் போட்ட கிண்ணம், அடியில் ஆறு சீன எழுத்து. ஆப்பில் படம் போட்டுப் பார்த்த என் மகன் கிண்ணம் சீனாவின் மிங் வம்ச அரசர்கள் காலம், ஜாடி அதற்கும் முந்தைய டாங் வம்சக் காலம், ஆயிரம் வருஷம் இருக்கும் என்கிறான். சிங்கப்பூரில் வாங்க ஆள் இருக்கிறதாம். லேபில் கொடுத்தால் வயதைச் சொல்லிவிடுவார்களா?

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள அம்மா,

படங்கள் பார்த்தேன். ஜாடியில் டிராகன் பிரமாதமாக வந்திருக்கிறது, கிண்ணத்தில் பூவும் அந்த எழுத்தும் தெரிகின்றன, ஆனால் அடிவட்டம் ஒன்றில்கூட இல்லை. இந்த விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். அலங்காரத்தை யாரும் எந்தக் காலத்திலும் காப்பி அடிக்கலாம், ஆனால் மெருகு, அதாவது கண்ணாடி மாதிரி உருகிப் படிகிற மேல்பூச்சு, படாத அடிவட்டத்தில்தான் மண் நேராகத் தெரியும், சூளையில் எதன்மேல் உட்கார வைத்துச் சுட்டார்கள் என்பதும் தெரியும். சீனாவின் லோங்சுவான் பச்சைத் தட்டுகளில் மண் சாம்பல் வெள்ளை, ஆனால் மெருகு முடிகிற இடத்தில் இரும்புச் சத்து காற்றுப் பட்டுச் செம்மண் நிறமாகச் சிவந்திருக்கும். அதே பச்சையில் தாய்லாந்தின் சவன்கலோக் தட்டு என்றால் அடியில் கருப்பாக ஒரு வட்டத் தழும்பு இருக்கும், குழாய் மாதிரியான தாங்கியில் ஏற்றிச் சுட்டதால் வந்தது. தெற்குச் சீனாவின் சாங்சோ பக்கத்துத் தட்டு என்றால் அடியில் மணல் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே இருந்து பார்த்தால் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

இதைப் புத்தியாகச் சொல்கிற நானும் ஏமாந்தவன்தான். மலாக்காவில் ஒரு கடையில் சீனச் சோங் வம்சக் காலத்துப் பச்சைக் கிண்ணம் என்று நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அடியில் அந்தச் சிவப்பு இருந்தது, அதைப் பார்த்துத்தான் விழுந்தேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிவப்பு சுற்றிலும் ஒரே சீராக இருக்கிறது, ஓரிடத்தில் மெருகின் மேலேயே ஏறியிருக்கிறது, தூரிகை மயிர் இழுத்த கோடுகூட இருக்கிறது. தானாகச் சிவந்திருந்தால் ஒரு பக்கம் அடர்ந்து ஒரு பக்கம் மங்கித்தான் இருக்கும். இப்போது அதில் சாவி போட்டு வைக்கிறேன்.

சரி, உங்கள் கிண்ணத்துக்கு வருவோம். அந்த ஆறு எழுத்துக்குப் பொருள் ‘மாபெரும் மிங், சுவான்தே ஆண்டுகளில் செய்தது’. மிங் அரசர் சுவான்தே ஆண்டது 1426 முதல் 1435 வரை. உங்கள் மகன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆனால் பீங்கான் உலகில் சுவான்தே பெயர் அளவுக்குக் காப்பி அடிக்கப்பட்ட பெயர் குறைவு. பின்னால் வந்த குயவர்கள் மரியாதைக்காகப் போட்டார்கள், வியாபாரத்துக்காகவும் போட்டார்கள். 1677இல் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசென்னின் அதிகாரி நடப்பு அரசர் காங்சியின் பெயரைப் பாண்டங்களில் எழுதக் கூடாது என்று தடை போட்டார், அந்தக் காலத்தில் பழைய மிங் பெயர்கள் இன்னும் தாராளமாக வந்தன. எழுத்து சாட்சி சொல்லும்தான், ஆனால் அதைக் கடைசியாக விசாரிக்க வேண்டும்.

முதலில் விசாரிக்க வேண்டியது நீலத்தை. சுவான்தே காலத்து அரண்மனைப் பாண்டங்களின் நீலம் பாரசீகப் பக்கத்திலிருந்து போன, இரும்பு மிகுந்த கோபால்ட் என்ற கனிமம். அது சூட்டில் அங்கங்கே திரண்டு கருத்த புள்ளியாகி மெருகுக்குள்ளேயே அமுங்கிவிடும், விரலால் தடவினால் லேசான பள்ளம் தட்டுப்படும். 18ஆம் நூற்றாண்டில் இதை அப்படியே செய்ய ஆசைப்பட்ட குயவர்கள் அந்தக் கருப்புப் புள்ளிகளைத் தூரிகையால் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தார்கள்! உங்கள் கிண்ணத்தில் அந்தப் புள்ளிகளே இல்லை, தட்டையான ஊதா கலந்த நீலம், பூவிதழ்கள் அவசரமாக இழுத்தவை. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதி என்று நினைக்கிறேன், அடியைப் பார்த்தால் உறுதியாகச் சொல்லலாம். அப்புறம் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. அடியில் ஆங்கிலத்தில் ‘சைனா’ என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது மிங் காலத்துப் பாண்டம் இல்லை. 1891 முதல் அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயரைப் போடச் சட்டம் கேட்டதால் வந்த பழக்கம் அது.

ஜாடிதான் உண்மையில் சிரமம். ஆப் ஏன் டாங் என்றது என்று புரிகிறது. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுக்குப் பக்கத்தில் ஒரு மூழ்கிய கப்பல் கிடைத்தது, ஏறக்குறைய 60,000 பாண்டங்கள், பெரும்பாலும் டாங் காலத்தில் சீனாவின் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய தேதியே பொறித்திருந்தது. கிண்ணங்களை அடுக்கி அனுப்பிய பெரிய ஜாடிகளும் கிடைத்தன, அவற்றுக்கும் தோளில் காதுகள். மூடியைக் கயிறு போட்டுக் கட்டத்தான் காது. அந்தத் தேவை ஆயிரம் வருஷமாக மாறவில்லை, அதனால் தெற்குச் சீனக் குயவர்கள் உருவத்தையும் பெரிதாக மாற்றவில்லை. உருவத்தை மட்டும் வைத்து வயது சொன்னால் யாராக இருந்தாலும் சறுக்குவார்கள்.

இந்த வகைக்கு மார்டபான் ஜாடி என்று பெயர், பர்மாத் துறைமுகத்தின் பெயர்தான். ஆனால் ஏற்றிய துறை வேறு, செய்த ஊர் வேறு. பர்மாவிலேயே செய்தவை பெரும்பாலும் கருப்பு மெருகில் வெள்ளைப் புள்ளி வரிசை வைத்தவை. உங்களுடையது போல டிராகனைத் தனியாக மண்ணில் செய்து ஒட்டியிருந்தால் நான் சீனத் தென்கரைப் பக்கம்தான் சாய்வேன். மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 14ஆம் நூற்றாண்டில் தனக்கு இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் உப்பிலிட்ட மார்டபான்கள் கிடைத்ததாகச் சொல்கிறார். உங்கள் அப்பத்தா ஜாடியைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். தோளுக்குக் கீழே ஒரு மேடு தட்டுப்பட்டால் இரண்டு துண்டாகச் செய்து ஒட்டியது, அது நல்ல அறிகுறி. டிராகன் இருக்கிற இடத்துக்கு நேர் உள்பக்கம் குழிந்திருந்தால் அச்சில் மண்குழம்பு ஊற்றி எடுத்த புதுச் சரக்கு. ஆனால் குடும்பக் கதை உண்மையென்றால் புதுச் சரக்காக இருக்க வழியில்லை. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் இடுப்பு உயர ஜாடியைத் தூக்கி வந்திருக்க மாட்டார்கள், அதற்கு முன்பே கப்பலேறியிருக்க வேண்டும். என் கணக்கு 19ஆம் நூற்றாண்டு, கொஞ்சம் முன்னே பின்னே.

லேப் வேண்டாம். வெப்ப ஒளிர்வுச் சோதனை என்று ஒன்று உண்டு, கடைசியாகச் சுட்ட பிறகு மண்ணின் படிகங்களில் சேர்ந்த கதிர்வீச்சைச் சூடாக்கி ஒளியாக அளப்பது. அதற்கு அடியில் துளை போட்டுப் பொடி எடுக்க வேண்டும். ஆயிரம் வருஷமா நூறு வருஷமா என்று பிரித்துச் சொல்லும், ஆனால் நூற்றைம்பதா நூற்றிருபதா என்ற கேள்விக்கு உதவாது. பழைய அடித்துண்டில் புது உடம்பை ஒட்டி அதையும் ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சிங்கப்பூர் விஷயத்தை மகனிடம் சொல்லிவிடுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பாண்டம் நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஜாடி டாங் காலம் என்று அவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரோ அந்த அளவுக்கு அனுப்ப முடியாது.

கிண்ணத்தின் அடியை வெயில் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், ஃபிளாஷ் போடாமல். ஜாடியைக் கவிழ்க்கும்போது ஆள் வைத்துக்கொண்டு, கீழே சாக்கு விரித்துச் செய்யுங்கள்.