பதில்: கையைத் தூக்கினால் அக்குளில் கிழியும் ட்யூடர் கால லினன் உள்ளங்கி

உங்கள் படத்தைப் பார்த்தேன். தையலில் குறையில்லை, வெட்டில்தான் குறை. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்ளங்கியில் இன்றைய சட்டையைப் போல வளைத்து வெட்டிய கைக்குழி கிடையாது. துணி வீணாகாதபடி செவ்வகமும் முக்கோணமுமாக வெட்டுவார்கள். கைக்கு அசைவு தருவது அக்குளில் வைக்கும் சதுரத் துண்டு. அதை விட்டுவிட்டீர்கள்.

10 செ.மீ. சதுரம் வெட்டுங்கள், தையலுக்கு விடும் துணி தனி. ஒரு முனை கையின் அடித்தையலையும் எதிர்முனை உடலின் பக்கத்தையலையும் நோக்கி இருக்கட்டும். அப்போது இழுவிசை துணியின் இழைகளுக்கு மூலைவாக்கில் விழும். லினன் அங்கேதான் நெகிழும். மூலையில் தையல்கோடு முடியும் புள்ளியைத் தாண்டாதீர்கள், ஓரிழை தாண்டினாலும் சுருக்கம் விழும். பிறகு ஓரங்களை உள்ளே மடித்துப் பொடித் தையல் போடுங்கள்.

மணிக்கட்டின் கறுப்புப் பூவேலை பின்பக்கம் அலங்கோலமாக இருப்பதாகச் சொன்னீர்கள். முன்கைப்பட்டி மடங்கும்போது இரு பக்கமும் தெரியும். எனவே இரட்டை ஓட்டுத் தையல்தான் வழி. போகும்போது இழை எண்ணி ஒன்றுவிட்டு ஒன்றாகத் தைத்து, திரும்பும்போது இடைவெளிகளை நிரப்புங்கள். ஓவியர் ஹோல்பைன் 1536 வாக்கில் வரைந்த, எட்டாம் ஹென்றியின் மனைவி ஜேன் சீமோரின் ஓவியத்தில் முன்கைப்பட்டியைப் பெரிதாக்கிப் பாருங்கள், இந்த வேலை தெளிவாகத் தெரியும்.

கறுப்புப் பட்டு நூலை முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றி, சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் தைத்து, உள்ளங்கியின் ஒரு கை முழுவதையும் சாம்பல் நிறமாக்கியிருக்கிறேன்.